தோற்றவருக்கு ஓர் இடம்: பெங்களூரு, 1969

ஓசூரைக் கடந்து பெங்களூருவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லைக்குள் முதலில் எதிர்ப்படும் ஊர் அத்திபெலே. 1969 ஜூலையில் அவ்வெல்லையின் இருபுறமும் அரசியல் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. தெற்கே இருந்த மாநிலம் ‘தமிழ்நாடு’ என்னும் பெயரைப் பெற்று ஆறு மாதங்களே ஆகியிருந்தன. அங்கே 1967இல் ஆட்சியை இழந்த காங்கிரஸ் எதிர்க்கட்சியாக இருந்தது. அண்ணா மறைந்தபின் மு. கருணாநிதி முதல்வர் பொறுப்பேற்று ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன. வடக்கே இருந்தது மைசூர் மாநிலம்; கர்நாடகம் என்னும் பெயர் அதற்கு 1973இல்தான் வந்தது. அங்கே காங்கிரஸ் அரசு, வீரேந்திர பாட்டீல் முதல்வர். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த எஸ். நிஜலிங்கப்பா, 1968இல் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகியிருந்தார்.

அந்த ஜூலை இரண்டாம் வாரத்தில் அத்திபெலேயிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், லால்பாக் கண்ணாடி மாளிகையில், அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியது. எல்லைக்குத் தெற்கே உள்ள காங்கிரசின் முதன்மைத் தலைவர் காமராசரும், வடக்கே உள்ள காங்கிரசின் முதன்மைத் தலைவர் நிஜலிங்கப்பாவும் அங்கே ஒரே அணியில் இருந்தனர். பத்திரிகைகள் அவ்வணியைச் ‘சிண்டிகேட்’ என்று குறிப்பிட்டன. நான்கு மாதங்களில் கட்சி இரண்டாகப் பிளந்தது.

இப்பிளவை இடதுசாரி, வலதுசாரிப் பொருளாதாரக் கொள்கைகளின் மோதலாகவும், இந்திரா காந்திக்கும் மூத்த தலைவர்களுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியாகவும் படிப்பது வழக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் பிளவுக்கு உடனடிக் காரணமாக அமைந்த நிகழ்வு, குடியரசுத் தலைவர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்னும் போட்டியே. ஆகவே இதை வேறொரு கேள்வியோடும் அணுகலாம். ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தனக்குள்ளே போட்டியிட்டுத் தேர்ந்தெடுத்தபின், தோற்றவர்களையும் சேர்த்து எவ்வாறு ஒன்றாக நீடிக்கிறது? காங்கிரஸ் அதுவரை அதை எவ்வாறு செய்துவந்தது? பெங்களூருவில் அந்த வழி ஏன் அடைபட்டது?

1

நேரு மறைந்த 1964 மே மாதத்தில் கட்சித் தலைவராக இருந்தவர் காமராசர். அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்க அவர் கையாண்ட முறை ‘கருத்தொருமை’ எனப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் மாநிலத் தலைவர்களையும் தனித்தனியே கலந்து, பெரும்பான்மை எங்கே சாய்கிறது என்று கணித்து, அதைக் கட்சியின் பொது முடிவாக அவர் அறிவித்தார். மொரார்ஜி தேசாய் விலகிக்கொள்ள, லால் பகதூர் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார்.

மக்களாட்சி நோக்கில் இம்முறையைக் குறைகூறுவது எளிது. எத்தனை பேர் யாரை ஆதரித்தனர் என்னும் கணக்கு வெளியே வரவில்லை. கணித்தவரின் சொல்லே முடிவாயிற்று. ஆனால் எண்ணிக்கை வெளிவராததால் தோற்றவர் எவ்வளவு தோற்றார் என்பதும் வெளிவரவில்லை. ‘கட்சியின் ஒற்றுமைக்காக விலகினேன்’ என்று சொல்லிக்கொள்ளும் கண்ணியமான வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபோது மொரார்ஜி விலக மறுத்தார். நாடாளுமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்து, இந்திரா காந்தி 355 வாக்குகளும் மொரார்ஜி 169 வாக்குகளும் பெற்றனர். தோல்வி வெளிப்படையானது. ஆயினும் 169 என்னும் அவ்வெண் மொரார்ஜியின் அரசியல் முதலாகவும் ஆனது. கட்சியின் மூன்றில் ஒரு பங்கை யாரும் ஒதுக்கிவிட முடியாது. 1967 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் மக்களவையில் 283 இடங்களோடு மெலிந்து திரும்பியபோது, மற்றொரு வாக்கெடுப்பைத் தவிர்க்க ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்திரா பிரதமராகத் தொடர, மொரார்ஜி நிதித் துறையோடு துணைப் பிரதமரானார்.

இம்மூன்று தேர்வுகளும் முறையால் வேறுபட்டவை. ஒன்று கலந்தாய்வு, ஒன்று வாக்கெடுப்பு, ஒன்று பேரம். ஆயினும் போட்டி முடிந்தபின் தோற்றவர் கட்சிக்குள் தலைநிமிர்ந்து இருக்க ஓர் இடம் மூன்றிலும் எஞ்சியது. 1967இல் அது பதவியாகவே உருவெடுத்தது.

2

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். துணைத் தலைவராக இருந்த வி.வி. கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். 1962இல் ராதாகிருஷ்ணனும் 1967இல் ஜாகிர் உசேனும் துணைத் தலைவர் பதவியிலிருந்தே உயர்ந்தவர்கள். அம்மரபு தொடரும் என்று கிரி எதிர்பார்த்ததில் வியப்பில்லை. தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய அவர், மைசூர் மாநில ஆளுநராகவும் இருந்தவர்.

பதவியின் முக்கியத்துவம் அப்போது கூடியிருந்தது. பெரும்பான்மை மெலிந்த மக்களவையில், யாரை ஆட்சியமைக்க அழைப்பது என்னும் முடிவு ஒருநாள் குடியரசுத் தலைவரின் கையில் வந்து நிற்கக்கூடும். சிண்டிகேட் அணி முன்னிறுத்தியவர் என். சஞ்சீவ ரெட்டி, முன்னாள் காங்கிரஸ் தலைவர், அப்போதைய மக்களவைத் தலைவர். அவர் அப்பதவிக்கு வந்தால் தம் ஆட்சிக்கே ஆபத்து என்று இந்திரா தரப்பு கருதியது.

பெங்களூருக் கூட்டத்தின் முதல் விவாதம் பொருளாதாரம் பற்றியது. இந்திரா ‘சிதறிய எண்ணங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு குறிப்பை அனுப்பியிருந்தார். பக்ருதீன் அலி அகமது அதைச் செயற்குழுவின் முன் வைத்தார். வங்கிகளைப் பற்றிய கேள்வியும் அக்குறிப்பில் இருந்தது. கருத்து வேறுபாடு இருந்தும், பொருளாதாரத் தீர்மானத்தில் இரு தரப்பும் ஒருவாறு ஒத்துப்போயின. கொள்கையில் சமரசம் சாத்தியமாயிருந்த அதே நாள்களில், வேட்பாளர் தேர்வில் அது சாத்தியமாகவில்லை என்பது கருதத்தக்கது.

ஜூலை 12 அன்று நாடாளுமன்றக் குழு கூடியது. மொத்தம் எட்டு உறுப்பினர்கள். இந்திராவும் பக்ருதீன் அலி அகமதும் ஜகஜீவன் ராமை ஆதரித்தனர். காமராசர், மொரார்ஜி, எஸ்.கே. பாட்டீல், ஒய்.பி. சவாண் ஆகிய நால்வரும் சஞ்சீவ ரெட்டியை ஆதரித்தனர். தலைவர் நிஜலிங்கப்பாவும், பெயர் முன்மொழியப்பட்டிருந்த ஜகஜீவன் ராமும் எப்பக்கமும் வாக்களிக்கவில்லை. முடிவு நான்குக்கு இரண்டு.

விதிப்படி இதில் குறை காண இயலாது. வேட்பாளரைத் தீர்மானிக்கும் உரிமை அக்குழுவுக்கு இருந்தது. ஆனால் 1964இன் காமராசர் இங்கே காணப்படவில்லை. பதவியில் உள்ள பிரதமர், நாட்டின் தலைவரைப் பற்றிய ஒரு முடிவில், தம் கட்சியின் சிறிய குழுவொன்றில் எண்ணிக்கையால் தோற்கடிக்கப்பட்டார். தோல்வியை மறைக்கும் திரையும் இல்லை, அதை ஈடுசெய்யும் பேரமும் இல்லை. கருத்தொருமையைத் தம் கைவண்ணமாகக் கொண்டிருந்த தலைவர், அன்று நான்கு கைகளுள் ஒன்றாக மட்டும் இருந்தார். மரபுப்படி தமக்கு வரவேண்டியதை எதிர்பார்த்திருந்த கிரிக்கும் எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை. மறுநாளே அவர் தனித்துப் போட்டியிடப்போவதாக அறிவித்தார்.

3

அடுத்து நடந்தவை வேகமானவை. ஜூலை 16 அன்று இந்திரா மொரார்ஜியிடமிருந்து நிதித் துறையை எடுத்துக்கொண்டார். மொரார்ஜி அமைச்சரவையிலிருந்து விலகினார். 1967 உடன்பாட்டின் மையக் கூறு நிதித் துறை. ஆகவே அந்நடவடிக்கை, தோற்றவருக்குத் தரப்பட்டிருந்த இடத்தைத் திரும்பப் பெற்றது எனலாம். ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் அவசரச் சட்டத்தால் நாட்டுடைமையாயின. மறுநாள் கிரி பதவி விலக, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவரானார்.

இவ்வளவுக்குப் பிறகும் சஞ்சீவ ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்திட்டவர் இந்திரா காந்தி. இதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் அக்கையெழுத்து, குறைந்தபட்சம் முறையளவிலேனும், கட்சியின் முடிவுக்குள் அவர் நின்றிருந்தார் என்பதைக் காட்டுகிறது. அங்கிருந்து அவர் வெளியேற வழியமைத்தது எதிர்த்தரப்பின் ஒரு கணக்கு.

குடியரசுத் தலைவர் தேர்தல் விருப்ப வரிசை வாக்கு முறையில் நடப்பது. ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியிருந்தன. அக்கட்சியினரின் இரண்டாம் விருப்ப வாக்குகள் ரெட்டிக்குக் கிடைக்க வேண்டும் என்று நிஜலிங்கப்பா அக்கட்சித் தலைவர்களோடு பேசினார். கணக்களவில் அது அறிவார்ந்த செயல். கட்சி ஒற்றுமையின் அளவில் அது பெரும் பிழையாயிற்று. உட்கட்சிப் பூசலில் வெல்லக் கட்சித் தலைவரே எதிர்க்கட்சிகளை நாடினார் என்னும் குற்றச்சாட்டு, இந்திரா தரப்புக்கு அறச்சார்பான ஒரு வாதத்தை வழங்கியது. ஜகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதும் அதை எழுப்பினர். உறுப்பினர்கள் தம் மனசாட்சிப்படி வாக்களிக்கும் உரிமை வேண்டும் என்றனர்.

4

இக்கட்டத்தில் சொற்களையும் கவனிக்க வேண்டும். ஒரு தரப்பின் முதன்மைச் சொல் ‘கட்டுப்பாடு’. கட்சி ஒருவரைத் தேர்ந்தெடுத்தபின் அவருக்கு வாக்களிப்பதே ஒற்றுமை என்பது அதன் பொருள். மறுதரப்பின் சொல் ‘மனசாட்சி’. கட்சியின் கொள்கைக்கு உண்மையாக இருப்பதே ஒற்றுமை, தலைமை கொள்கையை விற்றால் அதை மீறுவதே விசுவாசம் என்பது அதன் பொருள். இரு தரப்பும் ‘ஒற்றுமை’ என்னும் ஒரே சொல்லைக் கைவிடாமலே பிடித்திருந்தன. ஒன்றுக்கு அது செயலின் ஒற்றுமை. மற்றொன்றுக்கு நோக்கத்தின் ஒற்றுமை. வழக்கமாக ஒரு கட்சிக்குள் இவ்விரு பொருள்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வேட்பாளர் போட்டி நீளும்போதுதான் அவை பிரிந்து தெரிகின்றன. பெங்களூரு முடிவுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே கடந்த ஐந்து வாரங்களில் அப்பிரிவு முழுமையடைந்தது.

பிளவுக்குப்பின் எழுந்த பெயர்களிலும் இதே முரண் பதிந்துள்ளது. சிண்டிகேட் தரப்பு தமிழில் ‘ஸ்தாபன காங்கிரஸ்’ ஆயிற்று. அமைப்பு எங்களிடம் என்பது அதன் உரிமைக் கூற்று. மறுதரப்பைக் குறித்த ஆங்கில எழுத்தான ‘ஆர்’, அகில இந்தியக் கமிட்டியைக் கூட்டுமாறு கோரிக்கை மனு அளித்தோரைச் சுட்டப் பிறந்தது. தமிழிலோ அது ‘ஆளும் காங்கிரஸ்’ என்று வழங்கிற்று. கோரிக்கை விடுத்த தரப்பு, மொழிமாறும்போது ஆளும் தரப்பாகிவிட்டது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ்ப் பெயர் பூசலின்றிச் சொல்லிவிட்டது.

5

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு. 20 அன்று எண்ணிக்கை. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. யாருக்கும் அது கிட்டாததால் இரண்டாம் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டன. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

இவ்வெண்களைக் கழித்துப் பார்த்தால், பகிர்ந்தளிக்கப்பட்ட வாக்குகளில் ரெட்டிக்கு 91,879, கிரிக்கு 18,562 சேர்ந்தது தெரியும். அதாவது நிஜலிங்கப்பாவின் கணக்கு பொய்க்கவில்லை. வெளியார் தருவதாகச் சொன்னதைப் பெருமளவு தந்தனர். தவறியது உள்வீட்டுக் கணக்கு. காங்கிரஸ் உறுப்பினர்களில் கணிசமானோர், தி.மு.க., கம்யூனிஸ்ட் கட்சிகள் போன்றவற்றோடு சேர்ந்து, தம் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரைத் தோற்கடித்தனர்.

இதற்குப் பின்னும் ஒரு முயற்சி நடந்தது. ஆகஸ்ட் 25 அன்று செயற்குழு ‘ஒற்றுமைத் தீர்மானம்’ ஒன்றை நிறைவேற்றியது. அதன் பின்னணியில் உழைத்தவர் சவாண். பெங்களூருவில் ரெட்டியை ஆதரித்த நால்வருள் ஒருவர், பின்னர் இந்திராவின் பக்கம் வந்தவர். நடந்ததை மறந்து ஒன்றாகச் செயல்படுவோம் என்பதே தீர்மானத்தின் சாரம். யாருக்கு என்ன இடம் என்பதை அது தீர்க்கவில்லை. மொரார்ஜி திரும்பி வரவில்லை. கட்சித் தலைமை தன் அதிகாரத்தைப் பகிரவும் இல்லை.

தீர்மானம் இரண்டு மாதங்கள் தாங்கியது. அக்டோபர் இறுதியில் நிஜலிங்கப்பா, பக்ருதீன் அலி அகமதையும் தமிழ்நாட்டின் சி. சுப்பிரமணியத்தையும் செயற்குழுவிலிருந்து நீக்கினார். நவம்பர் 1 அன்று தில்லியில் இரண்டு செயற்குழுக் கூட்டங்கள் நடந்தன. ஒன்று ஜந்தர் மந்தர் சாலையிலிருந்த கட்சி அலுவலகத்தில், மற்றொன்று பிரதமரின் இல்லத்தில். நவம்பர் 12 அன்று இந்திரா காந்தி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். மக்களவைக் காங்கிரஸ் உறுப்பினர்களில் ஏறத்தாழ 220 பேர் அவரோடு சென்றனர்.

இந்திரா தொடக்கத்திலிருந்தே பிளவை விரும்பினார், எனவே எந்த ஏற்பாடும் பயன்பட்டிருக்காது என்று வாதிடலாம். அவர் மனத்தில் இருந்ததை நிறுவுவது கடினம். ஆனால் அவரோடு சென்ற நூற்றுக்கணக்கானோர் அனைவரும் பிளவை விரும்பினர் என்று கொள்ள இடமில்லை. சவாணைப் போல் இரு பக்கமும் நின்று பார்த்தவர்கள் பலர். அவர்களைத் தக்கவைக்க ‘கட்டுப்பாடு’ என்னும் ஒரு சொல் போதவில்லை.

6

ஓராண்டுக்கு முன் அமெரிக்காவில் நடந்ததை இங்கே ஒப்பிடலாம். 1968 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, மாநிலங்களின் முதன்மைத் தேர்தல்கள் எதிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ப்ரியைக் கட்சித் தலைவர்களின் பலத்தால் வேட்பாளராக்கியது. வியட்நாம் போரை எதிர்த்த அணியினர் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதினர். நவம்பரில் ஹம்ப்ரி தோற்றார். அதன்பின் அக்கட்சி, தேர்வு விதிகளையே மாற்ற ஒரு குழுவை அமைத்தது. முதன்மைத் தேர்தல்கள் முடிவைத் தீர்மானிக்கும் இன்றைய முறை பெரிதும் அச்சீர்திருத்தத்தின் விளைவு.

அம்முறையில் போட்டி குறையவில்லை, நீண்டது. 2008இல் ஹிலாரி கிளிண்டனும் பராக் ஒபாமாவும் ஜனவரி முதல் ஜூன் வரை கசப்போடு மோதினர். ஆனால் அக்கணக்கு எல்லார் கண்முன்னும் நடந்தது. ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், ஒபாமாவை ஒருமித்த குரலில் தேர்ந்தெடுக்குமாறு முன்மொழிந்தவர் கிளிண்டன். அடுத்த ஆண்டு அவர் அந்த அரசின் வெளியுறவு அமைச்சர். 1967இல் மொரார்ஜிக்கும் இந்திராவுக்கும் இடையே ஏற்பட்டது போன்ற உடன்பாடுதான் அது. ஆகவே நீண்ட போட்டியே கட்சியை உடைக்கிறது என்னும் பொதுக்கருத்தை அப்படியே ஏற்க இயலாது. எட்டுப் பேர் ஒரே நாளில் எடுத்த முடிவு காங்கிரசை உடைத்தது. ஐந்து மாதம் நீடித்த சண்டை ஜனநாயகக் கட்சியை உடைக்கவில்லை.

7

அத்திபெலே எல்லைக்குத் திரும்பினால் பிளவின் விளைவு தெளிவாகிறது. 1971 தேர்தலில், பழைய சின்னமான நுகம் பூட்டிய இரட்டைக் காளை யாருக்கும் கிடைக்கவில்லை. இந்திரா தரப்பு பசுவும் கன்றும் சின்னத்திலும், ஸ்தாபன காங்கிரஸ் இராட்டை நூற்கும் பெண் சின்னத்திலும் நின்றன. எல்லைக்கு வடக்கே, நிஜலிங்கப்பாவின் சொந்த மாநிலத்தில், 27 மக்களவைத் தொகுதிகளையும் இந்திரா தரப்பு வென்றது. மறு ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தேவராஜ் அர்ஸ் முதல்வரானார். தெற்கே நிலைமை வேறு. அங்கே காமராசரோடு பெரும்பான்மைக் காங்கிரசார் நின்றனர். இந்திரா தரப்பு தி.மு.க.வோடு உடன்பட்டு, மக்களவையில் 9 தொகுதிகளைப் பெற்றுக்கொண்டு, சட்டமன்றத்தில் ஓரிடத்திலும் போட்டியிடவில்லை. தி.மு.க. 184 இடங்களையும் ஸ்தாபன காங்கிரஸ் 15 இடங்களையும் வென்றன. தமிழ்நாட்டில் காங்கிரஸ் தனித்து ஆட்சிக்குப் போட்டியிடும் ஆற்றலை இழந்ததன் கதையில் பெங்களூரு வாக்கெடுப்புக்கும் ஒரு பங்குண்டு.

வென்ற தரப்பும் ஒன்றை இழந்தது. 1972க்குப்பின் இருபது ஆண்டுகள் காங்கிரசில் உட்கட்சித் தேர்தல் நடைபெறவில்லை. 1992இல்தான் மீண்டும் நடந்தது. அமெரிக்கக் கட்சி போட்டியின் விதிகளைத் திருத்தியது. காங்கிரஸ் போட்டியையே நீக்கியது. அதனால் கிட்டிய அமைதி ஒற்றுமை என்றே அழைக்கப்பட்டது. ஆனால் தோற்றவர் என ஒருவர் உருவாகவே வழியில்லாத இடத்தில், அவரைத் தக்கவைக்கும் பழக்கமும் மறைந்துபோகிறது. கருத்து மாறுபட்டவர்களுக்கு எஞ்சிய வழி வெளியேறுவது ஒன்றே. பிற்காலத்தில் காங்கிரசிலிருந்து கிளைத்த மாநிலக் கட்சிகள் பலவற்றின் தோற்றத்தை இப்பின்னணியில் வைத்தும் ஆராயலாம்.

1977இல் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்சியை உடைத்த பெயர், அப்போது எல்லாக் கட்சிகளும் ஏற்ற பெயராயிற்று.

2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். நிஜலிங்கப்பாவுக்குப்பின் கர்நாடகத்திலிருந்து அப்பதவிக்கு வந்தவர் கார்கே. அவர் காங்கிரசில் சேர்ந்த ஆண்டு 1969. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட செயற்குழுவில் தரூரின் பெயர் இடம்பெற்றது. 1969 ஆகஸ்டின் ஒற்றுமைத் தீர்மானத்தில் அப்படி ஒரு பெயர்கூட இல்லை.